மெலிந்த பிள்ளையும் வயிற்றுப் பூச்சியும்: கேள்வி பதில்

5 வயதுக்கு உட்பட்ட, எடை குறைந்த குழந்தைகளுக்கு வரும் குடற்புழு, மற்றும் ஜியார்டியா, அமீபா என்ற ஓரணுக் கிருமிகளின் தொற்றுகள் பற்றிக் கேட்கலாம். பதில் சொல்பவர் குழந்தைநல மருத்துவர். கேட்கும்போது வயது, எடை இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.

வியாசர்பாடி அம்மா: டாக்டர், பொண்ணுக்கு இப்பதான் ரெண்டு வயசு முடிஞ்சுது. எடை 8.4 கிலோ. சோறு வாயில வச்சா துப்பிடுறா. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை மாதிரி. பூச்சிதான்னு எல்லாரும் சொல்றாங்க. பூச்சி மருந்து எவ்ளோ குடுக்கணும்?

பதில்: அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பதிலை முழுக்கப் படித்த பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும்.

ஆல்பெண்டசோல். 2 வயது முடிந்திருந்தால் 400 மி.கி., ஒரே வேளை. அதாவது ஒரு முழு மாத்திரை, அல்லது 10 மி.லி. பாட்டில் முழுவதும். 1 வயது முடிந்து 2 முடியாத குழந்தைக்குச் சரிபாதி: அரை மாத்திரை, அல்லது 5 மி.லி. 1 வயது முடியாத குழந்தைக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது. மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்து, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். மூக்கைப் பிடித்தோ, அழும்போதோ ஊற்றாதீர்கள். மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து. புழு அவ்வளவு அவசரமான நோய் இல்லை.

இனி உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். 2 வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டையில் நடுக்கோடு 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 8.1-க்குக் கீழே போனால் கடும் எடைக்குறைவு. 8.4 என்பது விளிம்பில் நிற்கும் எடை. அதனால் இன்றைக்கே கைச்சுற்றளவு பாருங்கள். இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் சரிநடுவில் பேனாவால் ஒரு புள்ளி. பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் தையல் டேப்பைச் சுற்றுங்கள். தோலை அழுத்தக் கூடாது, இடைவெளியும் இருக்கக் கூடாது. 12.5 செ.மீ.க்கு மேல் என்றால் பரவாயில்லை. 11.5 முதல் 12.5 வரை மிதமான ஊட்டச்சத்துக் குறைவு. 11.5-க்குக் கீழே என்றால் கடுமையானது. அடுத்து, இரண்டு பாதங்களின் மேல்பக்கத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், கையளவு எதுவாக இருந்தாலும் கடுமையானதுதான். முன்பு சவலை தட்டிய பிள்ளை என்று சொன்னார்களே, அதில் பல குழந்தைகள் இந்த வீக்கம் உள்ளவர்கள்.

பானை வயிற்றுக்குப் பூச்சி மட்டும் காரணமில்லை. தசை கரைந்த குழந்தைக்கு வயிற்றுச் சுவர் தளர்ந்துவிடும். குடலில் காற்று சேரும். கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்திருக்கலாம். உருளைப்புழு நிறைய இருந்தாலும் வயிறு பெருக்கும். வெளியிலிருந்து பார்த்து இதுதான் என்று சொல்ல முடியாது.

கைச்சுற்றளவு 11.5-க்குக் கீழே இருந்தாலோ, பாதங்களில் குழி நின்றாலோ பூச்சி மருந்தை வீட்டில் கொடுக்க வேண்டாம். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு முதலில் சர்க்கரை இறக்கம், உடல் குளிர்தல், நோய்த்தொற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் பூச்சி மருந்து. அளவு அதற்கு மேலே இருந்து, குழியும் இல்லையென்றால் மருந்து கொடுங்கள், கூடவே சாப்பாட்டை மாற்றுங்கள். ரசம் சோறும் கஞ்சித் தண்ணியும் வயிற்றை நிரப்பும், எடையைக் கூட்டாது. இந்த வயதில் வயிறு சின்னது, ஆகவே கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் அதில் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 அல்லது 6 வேளை. ஒவ்வொரு வேளையிலும் பருப்பு மசித்த குழைந்த சோறு, அதில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய். அந்த ஒரு டீஸ்பூனே 40 கலோரிக்கு மேல். தினம் ஒரு முட்டை 70 கலோரி, 6 கிராம் புரதம். அங்கன்வாடிச் சத்துமாவைத் தண்ணீராகக் கரைக்காமல் கெட்டியாகக் கிண்டி, வெல்லமும் எண்ணெயும் சேருங்கள். சாப்பாட்டுக்கு முன் டீ, பிஸ்கட் கொடுத்தால் பசி செத்துவிடும்.

அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

பெரம்பூர், மருந்துக்கடை வைத்திருப்பவர்: மாசாமாசம் வந்து பூச்சி மருந்து கேக்குறாங்க. குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 6 மாதத்துக்கு ஒரு முறை போதும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளையொட்டி அங்கன்வாடியில் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. கடையில் மறுபடி வாங்க வேண்டியதில்லை. கேட்டு வருபவரிடம் குழந்தையின் எடையைக் கேளுங்கள். மாதந்தோறும் பூச்சி மருந்து தேடும் வீட்டில் பெரும்பாலும் எடை ஏறாத குழந்தை இருக்கும்.

பெரும்பாக்கம் அப்பா: பையனுக்கு 18 மாசம், 7.9 கிலோ. மூணு வாரமா வயித்தால போகுது. நுரையா, எண்ணெய் மாதிரி, நாத்தம் தாங்க முடியல. பூச்சி மருந்து ரெண்டு தடவை குடுத்தாச்சு. நிக்கல.

பதில்: நிற்காது. நீங்கள் சொல்வது ஜியார்டியா மாதிரி இருக்கிறது. அது புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. சிறுகுடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு கொழுப்பும் சர்க்கரையும் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும்; அதனால்தான் மலம் எண்ணெய்ப்பசையாகவும் நாற்றமாகவும் போகிறது. ஒரு வேளை ஆல்பெண்டசோல் இதைத் தீர்க்காது. இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: பூச்சி மருந்து உருளைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், கொக்கிப்புழுவுக்கு ஓரளவு, சாட்டைப்புழுவுக்கு ஒரு வேளை போதவே போதாது, ஜியார்டியாவையும் ஒரு வேளை தீர்க்காது, அமீபாவுக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஓரணு உயிரிக்கும் அது மருந்தே இல்லை.

14 நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கு தனி வகை நோய். இந்த எடையில் நேரில் காட்டியே ஆக வேண்டும். போகும்போது மலப் பரிசோதனைக்கு மாதிரி சரியாக எடுத்துப் போங்கள். டயப்பரிலிருந்து சுரண்டியது உதவாது, ஈரத்தை டயப்பர் உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் தாளில் போகவைத்து, உலர்ந்த, அகல வாய் டப்பாவில் எடுங்கள். சிறுநீர் கலக்கக் கூடாது. தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உயிரோடு நீந்தும் கிருமி செத்து உருத்தெரியாமல் போய்விடும். ஜியார்டியா தினமும் வெளியேறாது. ஒரு மாதிரியில் ‘இல்லை’ என்று வந்தால் நம்ப வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று மாதிரி, அல்லது கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை.

மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதினால் கணக்கு இப்படி வரும்: கிலோவுக்கு 5 மி.கி., ஒரு நாளைக்கு 3 வேளை, 5 முதல் 7 நாள். 7.9 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 40 மி.கி. 5 மி.லி.யில் 200 மி.கி. உள்ள சிரப்பில் அது 1 மி.லி.தான். ‘ஒரு மூடி’ என்று ஊற்றினால் ஐந்து மடங்கு போய்விடும். ஆகவே ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். மெலிந்த குழந்தையின் உடல் இந்த மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும், மருந்து கொடுக்கும் நாட்களை நீங்களாக நீட்டாதீர்கள். வேறு வழி நிட்டாசாக்சனைடு: 1 முதல் 3 வயதுக்கு 100 மி.கி., 2 வேளை, 3 நாள், சாப்பாட்டோடு. கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் கைகொடுக்கும் மருந்து இதுதான்.

அதுவரை துத்தநாகம் தினம் 20 மி.கி., 14 நாள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். டம்ளரில் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது; உப்பு ஏறி வலிப்பு வரும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மாட்டுப்பாலைக் கொஞ்ச நாள் குறைத்துத் தயிராகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கை ‘நிறுத்தும்’ பெரியவர்கள் மாத்திரை கூடவே கூடாது.

கொருக்குப்பேட்டை: ஒன்றரை வயசு. எத்தனை மி.லி.?

பதில்: 5. எடை எழுதவில்லை. எடையும் பாருங்கள்.

தாம்பரம் பாட்டி: இனிப்பு தின்னா பூச்சி வரும்பாங்களே? பேரன் ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிறான். கன்னத்துல வெள்ளைத் தேமலும் இருக்கு.

பதில்: இனிப்பால் புழு வராது, புழுவின் முட்டை வாய்க்குள் போனாலோ, கொக்கிப்புழு தோல் வழியாக ஏறினாலோதான் வரும். பல் கடிப்பதும் தேமலும் புழுவின் அடையாளம் இல்லை பாட்டி. எடை சரியாக ஏறுகிறதென்றால் விட்டுவிடுங்கள்.

புளியந்தோப்பு: மூணு வயசுப் பையன், 10 கிலோ. எங்க வீட்ல விளக்கெண்ணெய் குடுத்துப் பேதிக்கு எடுக்கலாம்ங்குறாங்க. குடல் தட்டுற அம்மாகிட்டயும் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க.

பதில்: இரண்டும் வேண்டாம். மெலிந்த குழந்தையின் உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே குறைவு. பேதிக்குக் கொடுத்தால் அது இன்னும் இறங்கும். நீரும் போய், துவண்டு, இதயத் துடிப்பே தடுமாறலாம். குடல் தட்டுவது அதைவிட மோசம். உருளைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருந்தால், அழுத்தும்போது குடல் முறுக்கிக்கொள்ளவோ கிழியவோ கூடும். தொக்கம் எடுப்பதற்கும் இதே பதில். வேப்பங்கொழுந்தும் வாய்விடங்கமும் நம் பழக்கத்தில் உள்ளவை என்பது தெரியும். ஆனால் 10 கிலோக் குழந்தைக்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லும் அளவு என்னிடம் இல்லை, அளவு தெரியாத மருந்தை நான் சொல்ல மாட்டேன். மேலே உள்ள மாத்திரைக்கு அளவு தெளிவாக இருக்கிறது.

எண்ணூர், அங்கன்வாடி டீச்சர்: எங்க சென்டர்ல ஒரு பாப்பா, ரெண்டரை வயசு, 9 கிலோ. மண்ணு தின்னுது, அக்காவோட பல்பத்தையும் கடிச்சுத் தின்னுது. நகம், நாக்கு எல்லாம் வெளுத்துக் கெடக்கு.

பதில்: டீச்சர், நல்ல கவனிப்பு. மண்ணும் பல்பமும் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் வெளிப்பாடு. மண்ணோடு புழு முட்டையும் உள்ளே போகிறது. ஆக ரத்தசோகை புழுவைக் கொண்டுவருகிறது, புழு ரத்தசோகையைக் கூட்டுகிறது.

இதில் ரத்தம் குடிப்பது கொக்கிப்புழு. அது வாய்வழியாக மட்டும் வருவதில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்தே ஏறிவிடும், ஆகவே செருப்பும் ஒரு மருந்து. நெகேட்டர் வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.03 மி.லி. ரத்தம் உறிஞ்சும். 50 புழு இருந்தால் 1.5 மி.லி., மாதத்துக்கு 45 மி.லி. 9 கிலோக் குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 700 மி.லி.தான். ஆன்சைலோஸ்டோமா வகை இதைப் போல் ஐந்தாறு மடங்கு குடிக்கும்.

ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தசோகை உறுதியானால் மருத்துவர் கிலோவுக்கு தினம் 3 மி.கி. இரும்பு தருவார். நீங்கள் வாரம் இரண்டு முறை தரும் 1 மி.லி. சிரப் தடுப்புக்கான அளவு, வந்த நோயை அது தீர்க்காது. கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு முதல் வாரம் இரும்பு கொடுக்கக் கூடாது. கிருமிகளும் அந்த இரும்பை எடுத்துக்கொண்டு பெருகும். எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

திருவொற்றியூர்: 10 மாசக் குழந்தை, பூச்சி மருந்து எத்தனை மி.லி.?

பதில்: கொடுக்கக் கூடாது. 1 வயது முடியட்டும்.

கிண்டி, புள்ளியியல் மாணவர்: டாக்டர், எல்லாருக்கும் மாத்திரை குடுக்குறதே வீண்னு ஆராய்ச்சி சொல்லுது. உத்தரப் பிரதேசத்துல பத்து லட்சம் குழந்தைங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆல்பெண்டசோல் குடுத்துப் பார்த்தாங்க. 2013-ல வந்த முடிவுல சாவும் குறையல, எடையும் கூடல. பல ஆய்வைச் சேர்த்துப் பார்க்குற காக்ரேன் தொகுப்பும் அதேதான். அப்புறம் ஏன்?

பதில்: சரியாகப் படித்திருக்கிறீர்கள். டெவ்டா என்ற அந்த ஆய்வு 5 ஆண்டு நடந்தது. எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் சராசரி எடையில் சொல்லும்படி மாற்றம் இல்லை என்று காக்ரேன் தொகுப்பு 2015-லும் 2019-லும் சொன்னது. இரண்டையும் நான் ஏற்கிறேன். ‘பூச்சி மருந்து கொடுத்தால் உடம்பு தேறிவிடும்’ என்று யார் சொன்னாலும் மறுப்பதற்கு எனக்கு ஆதாரமே அவைதான்.

ஆனால் சராசரி என்பதை நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும். புழு எல்லாக் குழந்தையிடமும் சமமாக இருப்பதில்லை. ஒரு தெருவில் உள்ள மொத்தப் புழுவில் பெரும்பகுதி சில குழந்தைகளின் வயிற்றில் இருக்கும். நூறு பேருக்குக் கொடுத்து, புழுவே இல்லாதவர்களையும் சேர்த்து எடையைக் கூட்டி வகுத்தால், அந்தச் சிலருக்குக் கிடைத்த பலன் கரைந்துபோகும். டெவ்டா நடந்த இடத்தில் தொற்றும் லேசானதுதான்.

எண்ணூர் டீச்சர்: தம்பி, மாத்திரை குடுத்த மறுநாள் புழு விழுந்துச்சுன்னு தாய்மாருங்க வந்து சொல்றதை நாங்க காதால கேட்டிருக்கோம். வீண்னு எப்படிச் சொல்றீங்க?

கிண்டி மாணவர்: புழு விழுறது வேற டீச்சர், குழந்தை வளர்றது வேற. மாத்திரையால பள்ளிக்கூட வருகை கூடுச்சுன்னு சொன்ன ஆய்வு ஒண்ணு கென்யாவுல 75 பள்ளிக்கூடத்துல பண்ணாங்க; 2015-ல திரும்பக் கணக்குப் போட்டப்ப அதுவே ஆட்டம் கண்டுச்சு. அந்தப் பணத்துல முட்டை குடுக்கலாம்ல?

பெரம்பூர் மருந்துக்கடை: ஒரு மாத்திரை காசுல எத்தனை முட்டை வரும் தம்பி?

பதில்: கென்ய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றார். மறுகணக்கில் ஆட்டம் கண்டது, பக்கத்துப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற பகுதி. மாத்திரை பெற்ற பள்ளிகளில் வருகை கூடியதா என்பதில் இன்றும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இங்கே பேசுவது 5 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றி.

என் நிலை இதுதான். மாத்திரை மலிவு, பாதுகாப்பானது. யாரிடம் புழு நிறைய என்று மலம் பார்த்துப் பிரிப்பதற்கு மாத்திரையைவிடச் செலவு அதிகம். அதனால் எல்லோருக்கும் கொடுப்பதை ஆதரிக்கிறேன். எடைக்காகக் கொடுப்பதாக நினைத்தால் தவறு. டீச்சர் பார்த்த அந்தக் குழந்தைக்குக் குடல் அடைப்பும் ரத்தசோகையும் வராமல் தடுப்பதற்காகக் கொடுக்கிறோம். முட்டையா மாத்திரையா என்று கேட்டால், மெலிந்த குழந்தைக்கு முட்டைதான் முதலில். அதிலும் உங்களோடுதான் நிற்கிறேன். மண்ணும் மலமும் அப்படியே இருந்தால், தொற்று மிகுந்த இடத்தில் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் உருளைப்புழு திரும்பிவிடும். பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று நம் ஊரிலேயே, ராணிப்பேட்டை மாவட்டத் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், டீவார்ம்3 ஆய்வு நடந்தது. அதைப் படியுங்கள், தனியாகப் பேசலாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராயபுரம்: நாலு வயசு, 13 கிலோ. ராத்திரியானா ஆசனவாய்ல அரிப்பு, தூங்கவே மாட்டேங்குறான்.

பதில்: கீரிப்பூச்சி. இதனால் குழந்தை மெலியாது, தூக்கம்தான் கெடும். விடிந்ததும் கழுவுவதற்கு முன் செலோ டேப்பை ஆசனவாயில் ஒட்டி எடுத்தால் முட்டை ஒட்டிவரும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும் (கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்; 1 வயது முடியாத குழந்தைக்கும் வீட்டில் கொடுக்க வேண்டாம்). மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால் 2 வாரம் கழித்து எல்லோருக்கும் இன்னொரு வேளை. இந்த இரண்டாவது வேளையை விட்டவர்கள்தான் ‘மருந்து கேட்கவில்லை’ என்று திரும்ப வருகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, உள்ளாடையையும் போர்வையையும் உதறாமல் சுருட்டி வெந்நீரில் துவையுங்கள்.

அம்பத்தூர்: பொண்ணுக்குப் போன மாசம் வலிப்பு வந்துச்சு. அங்கன்வாடியில மாத்திரை தர்றாங்க. போடலாமா?

பதில்: வேண்டாம். வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுத்தான். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்தே வீக்கத்தைக் கிளப்பி வலிப்பை வரவழைக்கலாம்.

மடிப்பாக்கம்: எனக்கு 34 வயசு, எனக்கும் பூச்சி இருக்குமோன்னு...

பதில்: பொது மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணகி நகர்: மழை பெஞ்சா குழாய்த் தண்ணியில சாக்கடை நாத்தம் வருது. குளோரின் மாத்திரை போட்டா போதுமா?

பதில்: போதாது. குளோரின் காலரா, டைபாய்டு கிருமிகளைக் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு அசையாது, ஜியார்டியாவும் வழக்கமான அளவுக்கு எளிதில் சாகாது, உருளைப்புழு முட்டையும் தாங்கும். நாற்றம் வரும் நாளில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே எடுக்காதீர்கள், குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள். மற்ற நாளில் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கேன் தண்ணீரானாலும் மெலிந்த குழந்தைக்குக் கொதிக்கவையுங்கள். ஆறியதைக் கைவிட்டு மொள்ளாமல், நீளப்பிடிக் கரண்டியால் எடுக்க வேண்டும். கொதிக்கவைத்த பலன் பல வீடுகளில் அங்கேதான் போகிறது. கொத்தமல்லி, கீரையை ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுங்கள்.

மணலி: 2 வயசு, எத்தனை மி.லி.?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது. மேலே போய்ப் படியுங்கள், அளவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் முழுக்கப் படியுங்கள். இனி அளவுக் கேள்விக்கு மட்டும் பதில் எழுத மாட்டேன்.

காசிமேடு: மாத்திரை போட்ட அடுத்த நாள் வாந்தியில நீளமா ஒரு புழு வந்துச்சு. பயமா இருக்கு.

பதில்: உருளைப்புழு; ஒரு சாண் அளவுக்கும் மேல் வளரும். மருந்தாலோ காய்ச்சலாலோ இடம் மாறி மேலே வரும். குழந்தை விளையாடி, மலம் போய், சாப்பிட்டால் பயம் வேண்டாம். வாந்தி பச்சையாக இருந்தாலோ, வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நின்றாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ குடல் அடைப்பு. வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வியாசர்பாடி அம்மா: டாக்டர், அளந்துட்டேன். மூணு தடவை பார்த்தேன், 11.2 தான் வருது. காலு வீங்கல. மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், இப்ப குடுக்கவா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, மாத்திரையை எடுத்து வையுங்கள். நாளைக் காலையிலேயே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ‘கைச்சுற்றளவு 11.2, எடை 8.4, சாப்பிட மறுக்கிறாள்’ என்று முதலில் அதைச் சொல்லுங்கள். பூச்சி என்று தொடங்க வேண்டாம். இன்று இரவு வெறும் வயிற்றோடு தூங்கவிடாதீர்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை எழுப்பிக் கொஞ்சம் பாலோ, சர்க்கரை போட்ட கஞ்சியோ கொடுங்கள். போர்த்தி, உங்கள் உடம்போடு அணைத்துப் படுக்கவையுங்கள். துவண்டு போனாலோ, உடம்பு சில்லிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108. அங்கன்வாடி அட்டையையும் எடுத்துப் போங்கள்.